கழுவித் துடைத்த வண்டியும் கழன்றுபோன நட்டும்

மோட்டார் சைக்கிளைச் சேர்விசுக்குக் கொடுத்து எடுத்துவந்த ஒருவரிடம், "என்ன செய்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒயில் மாற்றினார்கள், செயினை இறுக்கினார்கள், கழுவித் தந்தார்கள்" என்பார். இந்த மூன்றுக்கு மேல் நான்காவதாக ஒன்றைச் சொல்பவரைக் காண்பது அரிது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நானும் இந்த மூன்றுடனேயே மனநிறைவு கண்டவன்தான். வண்டி பளபளக்கிறதா, எஞ்சின் சத்தம் மென்மையாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

அரசியல் விவகாரங்களை எதிர்பார்த்து இந்தப் பக்கத்துக்கு வரும் வாசகர்கள் இன்று ஒருநாள் என்னைப் பொறுத்தருள வேண்டும். ஒரு வயரைப் பற்றியும் ஒரு நட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அற்ப விடயம் என்று எண்ணிவிட வேண்டாம். இலங்கையில் பதிவுசெய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. அண்மைய ஆண்டுகளில் இந்நாட்டின் வீதிகளில் ஆண்டொன்றுக்கு 2,000 இற்கும் அதிகமானோர் உயிரிழந்து வந்திருக்கிறார்கள். அவர்களுள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் பெருந்தொகையினர். வடக்கிலும் கிழக்கிலும் அது ஒரு தனிமனிதரின் வாகனம் அல்ல. தந்தை ஓட்ட, தாய் பின்னால் அமர, நடுவில் பிள்ளைகள் நெருங்கியிருக்க, முழுக் குடும்பமும் அதில்தான் போகிறது. மீன் பெட்டியும் மரக்கறி மூட்டையும் அதில்தான் சந்தைக்குப் போகின்றன.

2014 ஆம் ஆண்டின் மாரி தொடங்கியிருந்த காலம். மன்னாரில் ஒரு கூட்டத்துக்குச் சென்றுவிட்டுப் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அந்தப் பாதை எங்களுக்கு வசதியாகிவிட்டது. இரவு எட்டு மணி கடந்திருந்தது. இருபுறமும் வெட்டவெளி. வீடுகள் தூரத்தில் ஒன்றிரண்டு. அந்தப் பகுதி வீதிகளில் இரவில் மாடுகள் படுத்திருப்பதை அறிந்தவன் என்பதால் மெதுவாகவே வந்தேன். வண்டி சேர்விஸ் செய்யப்பட்டு மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன.

ஒரு வளைவில் கைபிடியைத் திருப்பினேன். முகப்பு விளக்கு அணைந்தது. ஹோர்னை அழுத்தினேன், சத்தமில்லை. சிக்னல் லைற்றைப் போட்டேன், அதுவும் இல்லை. பின் விளக்கும் அணைந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் மட்டும் எதுவும் நடவாதது போல ஓடிக்கொண்டிருந்தது. வீதியின் ஓரம் எது என்று தெரியாத இருட்டில், அனுமானத்தில் இடது பக்கமாக ஒதுங்கி நின்றேன். நின்று சில விநாடிகள்கூட ஆகியிராது. பின்னால் வந்த டிப்பர் ஒன்று வேகம் குறையாமல் என்னைக் கடந்து போனது. கையை நீட்டியிருந்தால் அதன் பக்கப் பலகையைத் தொட்டிருப்பேன். சாரதி என்னைக் கண்டிருக்கவே இல்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. இருட்டில் விளக்கில்லாமல் நின்றவன் நான்.

அன்று அந்த டிப்பர் என் மீது மோதியிருந்தால் மறுநாள் செய்தி எப்படி வந்திருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளானதில் முதியவர் ஒருவர் ஸ்தலத்திலேயே உயிரிழந்தார்." இந்த வாக்கியத்தை நானே எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பொலிஸார் தொலைபேசியில் சொல்வார்கள், நாம் எழுதுவோம். "வேகம்" அல்லது "கவனயீனம்" என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லா விபத்துகளும் அடங்கிவிடும்.

அந்த இருட்டில் நின்றபோது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், சமாதான காலத்தில், வடமராட்சியிலிருந்து ஒரு தந்தை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவருடைய மகன் இரவில் வேலை முடிந்து வரும்போது பின்னால் வந்த வாகனம் மோதி இறந்துபோன செய்தியை நாங்கள் வெளியிட்டிருந்தோம். வழக்கமான அந்த வாக்கியத்துடன்தான். கையில் பத்திரிகையை மடித்து வைத்திருந்தார். கோபப்படவில்லை.

"தம்பி, நீங்கள் எழுதினது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. ஆனா என்ர பிள்ளை வேகமா ஓடுறவனில்லை. பின் லைற் எரியேல்லை, பாக்க வேணும் எண்டு ரெண்டு நாளாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவன்" என்றார்.

"பொலிஸ் சொன்னதைத்தான் எழுதினோம் ஐயா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். திருத்தம் எதையும் நாங்கள் வெளியிடவில்லை. உண்மையில் அன்றிரவு என்ன நடந்தது என்பது எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதுதான் விடயம்.

சங்குப்பிட்டிக்கு வருகிறேன். சிறிது நேரத்தில் அவ்வழியாக வந்த ஓர் இளைஞர் தன் வண்டியை நிறுத்தி, நிலைமையைக் கேட்டு, என்னைத் தனக்கு முன்னால் விட்டு, தன் விளக்கின் வெளிச்சத்தில் பாலம் கடந்து கேரதீவுப் பக்கம் சேரும் வரை கூட்டிவந்தார். மறுநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு, எனக்கு முன்பே தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். எழுபதை எட்டிய மனிதர். பெயர்ப்பலகை இல்லாத கொட்டில். நகரத்தில் புதிய சேர்விஸ் நிலையங்கள் வந்த பிறகு நான் அவரிடம் போவதை நிறுத்தியிருந்தேன். அதை அவர் கேட்கவில்லை.

முதலில் அவர் ஸ்பனரை எடுக்கவில்லை. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தச் செய்து, கைபிடியை இடது எல்லை வரையும் வலது எல்லை வரையும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு முகப்பு விளக்குக் கூட்டைக் கழற்றி, கழுத்துப் பகுதியில் வளைந்து செல்லும் வயர்க் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. கைபிடி திரும்பும்போதெல்லாம் இரும்போடு உரசி உரசி ஒரு வயரின் மேலுறை தேய்ந்து, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. அது இரும்பைத் தொட்ட கணத்தில் உருகி எரிந்திருக்கிறது. முகப்பு விளக்கு, பின் விளக்கு, ஹோர்ன் ஆகிய யாவும் அந்த ஓர் உருகியின் வழியே மின்சாரம் பெறுவன. எஞ்சினின் தீப்பொறிக்கான மின்சாரம் மட்டும் தனிச் சுருளிலிருந்து வந்தமையால் எஞ்சின் ஓடியது.

"பின் பல்ப்பு இந்த வருசம் எத்தினை தரம் மாத்தினீங்கள்?" என்று கேட்டார்.

"மூண்டு தரம் அண்ணை. இப்ப வாற பல்ப்புகள் தரமில்லை."

"பல்ப்பில பிழையில்லை தம்பி. கண்ணாடியில பின்னால வாறவன்ர முகம் தெரியுதோ, மங்கலாத் தெரியுதோ?"

யோசித்துப் பார்த்தேன். சில மாதங்களாகவே நடுத்தர வேகத்தில் கண்ணாடி நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கால் வைக்கும் கம்பியிலும் ஒரு கூச்சம். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று எண்ணியிருந்தேன். அவர் குனிந்து எஞ்சினின் முன்பக்கத்தைத் துணியால் துடைத்தார். எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் முன் போல்ற்றுகளில் ஒன்றில் நட்டு இல்லை. போல்ற்று பாதி வெளியே வந்திருந்தது. மற்றதைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் படிந்திருந்தது.

"வண்டி தன்ர வருத்தத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கு. நீங்கள்தான் காது குடுக்கேல்லை" என்றார்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது முழுவதும் அந்த இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் இடையிலான தொடர்பில்தான் இருக்கிறது. மின்னிணைப்பு ஒன்று, எஞ்சின் பிணைப்பு வேறொன்று என்றுதான் நாம் நினைக்கிறோம். சேர்விஸ் நிலையங்களும் அப்படியே நினைக்கின்றன. ஆனால் அவை ஒரே நோயின் இரு முனைகள். கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 6,000 தடவை சுழலும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் அச்சு விநாடிக்கு 100 தடவை சுழல்கிறது. நான்கடிப்பு எஞ்சின் என்றால் விநாடிக்கு 50 வெடிப்புகள். ஒவ்வொரு சுழற்சியிலும் ஓர் உதறல். அந்த உதறல்களைத் தாங்கிச் சட்டத்துக்குள் அடக்குவது மூன்று முதல் ஆறு வரையான போல்ற்றுகள்தான். மெக்கானிக்குகள் எஞ்சின் மவுண்டிங் என்று சொல்வது இவற்றையும் இவற்றைத் தாங்கும் தகடுகளையும் சில வண்டிகளில் இடையே இருக்கும் இறப்பர் புஷ்களையும்தான்.

அவற்றில் ஒன்று தளர்ந்தால் எஞ்சின் உடனே கீழே விழுந்துவிடாது. அதனால்தான் நாம் கவலைப்படுவதில்லை. ஆனால் அடங்க வேண்டிய அதிர்வு வண்டி முழுவதும் பரவுகிறது. பல்ப்பின் மெல்லிய இழை அறுகிறது. பற்றறியின் உள்தகடுகள் உதிர்கின்றன. வயர்க் கட்டு இரும்போடு உரசுகிறது. முனைகளில் இருக்கும் இணைப்புகள் தளர்கின்றன. புகைபோக்கியின் மூட்டு கசிகிறது. எஞ்சியிருக்கும் போல்ற்றுகள் தமக்குரியதல்லாத சுமையையும் ஏற்று ஒவ்வொன்றாகக் களைக்கின்றன. பல சிறிய வண்டிகளில் எஞ்சினே சட்டத்தின் ஒரு பகுதியாக நின்று வண்டியின் வலுவைத் தாங்குகிறது. அங்கே பிணைப்புத் தளர்ந்தால் சட்டத்தின் ஒட்டு விளிம்பில் வெடிப்பு விழலாம். நான் மூன்று தடவை பல்ப்பு மாற்றியது, காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் நெற்றியில் ஈரத்துணி போட்ட கதைதான்.

ஆகவே வழமையான சேர்விசில் என்ன பார்க்கப்பட வேண்டும் என்பதை வாசகர்களுக்குச் சொல்லிவைக்க விரும்புகிறேன். இது எனக்கு அந்த முதியவர் கற்றுத்தந்தது. பின்னர் தயாரிப்பாளர்களின் கைநூல்களைப் புரட்டி ஒப்பிட்டுக்கொண்டேன். அந்தக் கைநூல்களின் பராமரிப்பு அட்டவணையில் நட்டு, போல்ற்று, பிணைப்புகளைப் பரிசோதிக்கவும் என்று தனியாக ஒரு வரி இருக்கும். யாரும் படிக்காத வரி அது.

முதலில் பற்றறி. இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ற் பற்றறியே உண்டு. வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பின் அளந்தால் நன்கு மின்னேறிய பற்றறி 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்ட வேண்டும். 12.4 இற்குக் கீழே போனால் மின்னேற்ற வேண்டும். 12 இல் நின்றால் அது ஏறத்தாழ வெறுமையாகிவிட்டது. பின்னர் எஞ்சினை இயக்கி வேகத்தைக் கூட்டி மீண்டும் அளக்க வேண்டும். ஏறக்குறைய 13.5 இற்கும் 14.8 இற்கும் இடையில் இருந்தால் மின்னேற்றும் அமைப்பு நலமாக இருக்கிறது. 13 ஐயும் தாண்டவில்லையானால் பற்றறிக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. 15 ஐத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுதாகி, பற்றறியையும் பல்ப்புகளையும் கொன்றுகொண்டிருக்கிறது. இந்த இரண்டு அளவீடுகளுக்கும் ஒரு சாதாரண மல்ரிமீற்றரும் ஐந்து நிமிடங்களும் போதும். பற்றறி பழுது என்று கூறிப் புதியது வாங்கச் சொல்பவரிடம் இந்த இரு எண்களையும் கேளுங்கள். எண்கள் இல்லாமல் பற்றறி வாங்காதீர்கள்.

அடுத்து முனைகள். கடலோரத்தில் வாழும் எங்களுக்கு உப்புக்காற்று ஒரு தீராத பகை. பருத்தித்துறையிலும் மன்னாரிலும் பற்றறி முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூக்கும் படிவைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சுரண்டித் துடைத்து, இறுக்கி, மெல்லிய கிறீஸ் பூச வேண்டும். கழற்றும்போது மறைமுனையை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது நேர்முனையை முதலில் பூட்ட வேண்டும். சட்டத்தோடு இணைக்கப்படும் எர்த் வயரின் அடியில் துரு பிடித்திருந்தால் விளக்குகள் காரணமின்றி மங்கும். அந்த ஒரு போல்ற்றைக் கழற்றித் துடைத்து மீண்டும் இறுக்குவதோடு தீர்ந்துவிடும் கோளாறுகளுக்காகப் புதிய பாகங்கள் வாங்கியோர் பலரை நான் அறிவேன்.

உருகியின் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. உருகி எரிந்தால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றியோ, தடித்த கம்பியை முறுக்கியோ சமாளிப்பது நம்மிடையே சாதாரணம். 10 அம்பியர் உருகி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருந்தால், அடுத்த தடவை எரியப்போவது உருகி அல்ல, வயர்க் கட்டு. பெற்றோல் தாங்கி அதற்குச் சற்று மேலேதான் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கூடுதல் விளக்குகளையும் உரத்த ஹோர்ன்களையும் பழைய வயரிலேயே கொளுவுவதும் இதே வகைத் தவறுதான்.

விளக்குகளைப் பார்ப்பதற்கு மெக்கானிக்கே தேவையில்லை. முன் பிறேக்கைத் தனியாகப் பிடித்தும் பின் பிறேக்கைத் தனியாக மிதித்தும் பின் விளக்கு பிரகாசமாகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சுவிச் வேறு வேறு. ஒன்று வேலை செய்தால் மற்றதும் செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. எஞ்சின் ஓடும்போது கைபிடியை இரு எல்லைக்கும் திருப்ப வேண்டும். விளக்கு சிமிட்டினாலோ எஞ்சின் தடுமாறினாலோ கழுத்துப் பகுதியில் வயர் தேய்கிறது. இந்த ஒரு பரிசோதனையை அந்தச் சேர்விஸ் நிலையம் செய்திருந்தால் எனக்குச் சங்குப்பிட்டி இரவு நேர்ந்திராது. மாறாக, அவர்கள் உயரழுத்தத் தண்ணீரால் முகப்புக் கூடு வரை பீச்சிக் கழுவி, இணைப்புகளுக்குள் ஈரத்தை ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

இனி எஞ்சின் பிணைப்பு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். முதலில் அழுக்கைத் துடைக்க வேண்டும், அழுக்கின் கீழ் வெடிப்பு தெரியாது. போல்ற்றின் தலையைச் சுற்றிச் செந்தூள் இருக்கிறதா, பூச்சு மயிரிழையாக வெடித்திருக்கிறதா, தகடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் எஞ்சினைக் கையால் அசைக்க, மற்றவர் பிணைப்பில் விரல் வைத்துப் பார்த்தால் அசைவு தெரிந்துவிடும். இறுக்குவதிலும் முறை உண்டு. முழுப் பலத்தையும் போட்டு இறுக்குவது திறமை அல்ல. அலுமினியத்தில் வெட்டப்பட்ட புரி அப்படித்தான் அழிகிறது. ஒவ்வொரு போல்ற்றுக்கும் எவ்வளவு முறுக்குவிசை என்பதைக் கைநூல் சொல்கிறது, அதை அளந்து இறுக்கும் ஸ்பனரும் இருக்கிறது. தானாகக் கழலாதபடி நைலோன் வளையம் பதித்த நட்டுகளைக் கழற்றினால் புதியதைப் போடுவதே நன்று. கடைசியாக, இறுக்கிய நட்டிலிருந்து சட்டம் வரை ஒரு கோடு தீந்தையால் இழுத்துவிட வேண்டும். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டும். அதன் பின்னர் பரிசோதனை என்பது ஒரு பார்வைதான்.

இவ்வளவையும் அந்த முதியவர் ஒன்றரை மணி நேரத்தில் செய்து முடித்தார். ஒரு வயர்த்துண்டு, ஓர் உருகி, இரண்டு நட்டுகள். மூன்று நாட்களுக்கு முன் நான் சேர்விசுக்குக் கொடுத்த பணத்தின் கால்வாசிகூட அவர் கேட்கவில்லை.

இதில்தான் நமது பிழை இருக்கிறது. பாகத்துக்குப் பணம் கொடுப்போம். ஒயிலுக்குக் கொடுப்போம். ஒருவர் கண்ணாலும் விரலாலும் தேடிப் பார்த்துவிட்டு "ஒரு பிழையுமில்லை" என்று சொன்னால் அதற்குப் பணம் கொடுக்க மனம் வராது. "ஒண்டும் செய்யேல்லையே, எதுக்குக் காசு?" என்போம். பார்ப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில் யார் பார்ப்பார்கள்? ஒரு நாளில் பத்து வண்டிகளை முடித்தாக வேண்டிய இளைஞனுக்கு எஞ்சினுக்குக் கீழே குனிய நேரம் எங்கே இருக்கிறது? கழுவினால் பளபளப்புத் தெரிகிறது, வாடிக்கையாளர் மகிழ்கிறார். போல்ற்றைத் துடைத்துப் பார்த்தது யாருக்கும் தெரிவதில்லை. சேர்விஸ் நிலையங்களை மட்டும் குறைசொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அவர்கள் நாம் கேட்பதைத் தருகிறார்கள். நாம் கேட்டது பளபளப்பு.

இப்படி இருந்தவர்கள் அல்ல நாங்கள். 1990 முதல் 1995 வரை குடாநாட்டில் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பெற்றோலுக்குத் தடை, பற்றறிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம். கார்புரேற்றருக்குள் சிறிதளவு பெற்றோலைச் செலுத்தி எஞ்சினைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினோம். அந்தச் சிறு பெற்றோல் போத்தலுக்குச் "சூப்பி" என்று பெயர். அன்று பற்றறி இல்லாமல் வண்டியைக் கிளப்பத் தெரியாதவர் கிடையாது. பிளக்கைக் கழற்றிக் கரி துடைக்கத் தெரியாத ஆசிரியர் இல்லை, எழுதுவினைஞர் இல்லை. அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று எவரும் ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் வறுமை கற்றுத்தந்த அறிவை வசதி வந்ததும் தொலைத்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்த அறிவுக்கான தேவையும் தீர்ந்துவிடவில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் பழைய வண்டிகளே மேலும் பழையனவாகிக்கொண்டிருந்தன. 2022 இன் நெருக்கடியில் டொலர் ஒன்றின் விலை 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோலுக்காக வரிசையில் நின்றவர்கள் பற்றறியையும் ரயரையும் தள்ளிப்போட்டார்கள். பாகம் விலை உயர்ந்த நாட்டில் பரிசோதனைதான் மலிவான மருந்து. இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின் வரும் புதிய வண்டிகள் பலவற்றில் எரிபொருளை உட்செலுத்துவதே மின்சாரத்தால்தான். பற்றறி இறந்தால் உதைத்துக் கிளப்பிக்கொண்டு போகலாம் என்ற பழைய துணிச்சலுக்கு அவற்றில் இடம் குறைவு.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2008 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறையில் உள்ளது. மோட்டார் சைக்கிளுக்கும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆண்டுக்கொரு முறை வண்டியை ஓரிடத்துக்கு வரவழைத்து, புகைக்குழாயில் குழாயைச் செருகிப் பார்த்துவிட்டு, அதற்கு ஓரடி மேலே இருக்கும் பின் விளக்கு எரிகிறதா என்று பாராமல் அனுப்பிவிடுவதில் என்ன நியாயம்? பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறோம். மோட்டார் சைக்கிளின் தகுதியை யாரும் கேட்பதில்லை. பிரித்தானியாவில் வாழும் வாசகர்களுக்குத் தெரியும், அங்கே மூன்று வயது கடந்த மோட்டார் சைக்கிள் பொதுவாக ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. பரிசோதனைக்குப் போக வேண்டும். விளக்கு, ஹோர்ன், சட்டம் யாவும் அதில் பார்க்கப்படும். ஜேர்மனியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரதான பரிசோதனை உண்டு.

இங்கே அப்படியொன்றைக் கொண்டுவந்தால் ஏழைகளின் தலையில் இன்னொரு செலவு விழும், இலஞ்சத்துக்கு இன்னொரு வாசல் திறக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த அச்சம் பொய்யல்ல. அதனால்தான் நான் தண்டப்பணம் வேண்டும் என்று கேட்கவில்லை. புகைப் பரிசோதனைக்கு வந்து நிற்கும் வண்டியில் விளக்குகள், பிறேக் சுவிச்சுகள், கழுத்து வயர், எஞ்சின் போல்ற்றுகள் ஆகிய நான்கையும் ஐந்து நிமிடத்தில் பார்த்து, கண்ட குறையை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் போதும். சான்றிதழை மறுக்க வேண்டியதில்லை. தன் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் பின் விளக்கு எரியவில்லை என்று எழுத்தில் கண்ட தந்தை அதைச் சரிசெய்யாமல் இருக்க மாட்டார்.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கும் விடுமுறைக்கும் வரும் அன்பர்களிடம் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே சட்டத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் சரிபார்த்து ஓட்டுகிற நீங்கள், இங்கே மாமாவின் வண்டியை, மச்சானின் வண்டியை, சாவியை வாங்கிய கையோடு ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். மாதக்கணக்கில் விறாந்தையில் நின்ற வண்டியாக அது இருக்கலாம். எலி வயரைக் கடித்திருக்கலாம். புறப்படும் முன் இரண்டு நிமிடம் விளக்குகளைப் போட்டுப் பாருங்கள். திரும்பிப் போகும்போது அதை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனால், கொண்டுவந்த சொக்லேற்றை விடப் பெரிய அன்பளிப்பு அதுதான்.

அந்த முதியவர் இப்போது இல்லை. கொட்டில் இருந்த இடத்தில் தொலைபேசிக் கடை ஒன்று இருக்கிறது. என்னுடைய வண்டியின் நட்டுகளில் அவர் இழுத்த வெள்ளைக் கோடுகளை ஒவ்வொரு சேர்விசின் பின்னரும் நான் புதுப்பித்துக்கொள்கிறேன். வண்டியை வாங்கும்போது "வோல்ற்றளவு எவ்வளவு காட்டியது? எஞ்சின் போல்ற்றுகளைப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறேன். முதல் தடவை அந்தப் பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். இரண்டாம் தடவை, நான் கேட்பேன் என்று எண்ணித் தானே பார்த்து வைத்திருந்தான். அதற்கான கூலியையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

செய்தித்துறையில் இருக்கும் இளைய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை விபத்துச் செய்தி ஒன்றைப் பொலிஸார் தொலைபேசியில் சொல்லும்போது, "வேகக் கட்டுப்பாட்டை இழந்து" என்று எழுதுவதற்கு முன், "பின் விளக்கு எரிந்ததா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த வடமராட்சித் தந்தைக்காக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் கேட்கவில்லை.